தொப்பிக்குக் கீழே திருநீறு

ஜெர்மனிக்குப் பேஸ்போல் எறிய வந்திருக்கும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் என்னைக் கண்டால் முதலில் வேகத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எவ்வளவு வேகமாக எறிந்தீர்கள், தோள் எப்படித் தாங்கியது, வளைந்து விழும் பந்துக்கு விரலை எங்கே வைப்பீர்கள். அதையெல்லாம் உங்கள் பயிற்றுநர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். அவர்களிடம் கமெராவும் கணினியும் இருக்கின்றன. என்னிடம் இருப்பது பழுதான ஒரு தோளும் நீண்ட வாயும்தான். தோளை விட்டுவிட்டு வாயால் ஆனதைச் செய்கிறேன்.

நான் சொல்லப்போவது ஒரே ஒரு ஆட்டத்தைப் பற்றி. நன்றாக எறிந்த ஆட்டம் அல்ல. நன்றாக எறிந்த ஆட்டங்களில் படிக்க ஒன்றுமில்லை, அன்றைக்குக் கை தன் பாட்டுக்கு வேலை செய்துவிடும். நாம் சும்மா கூடப் போய் வருவோம்.

கதைக்கு முன்னால் என் கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு வேகப்பந்து வீசினேன். கிரிக்கெட்டில் முழங்கை மடியக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். என் முழங்கை மடிந்தது. ஒரு பெரிய ஆட்டத்தில் நடுவர் என் பந்துகளைத் தொடர்ந்து செல்லாது என்று அறிவித்தார். எதிர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மதிலில் ஏறியிருந்து "கள்ளன், கள்ளன்" என்று தாளம் போட்டார்கள். நான் வேண்டுமென்று மடிக்கவில்லை, கை அப்படித்தான் வந்தது. அதைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமிருக்கவில்லை. அதோடு கிரிக்கெட்டை விட்டேன்.

பிறகு கொழும்பில் வேலை பார்த்தபோது ஒரு மைதானத்தில் சிலர் பேஸ்போல் ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லை தாண்டி வந்த பந்தை எடுத்து எறிந்தேன். அந்த முழங்கையைப் பார்த்து அங்கே கைதட்டினார்கள். ஒரு விளையாட்டில் குற்றமாக இருந்த கை இன்னொரு விளையாட்டில் தொழிலாகிவிட்டது. நாட்டு அணிக்கு ஆடினேன், ஒரு போட்டித் தொடரில் என்னைப் பார்த்த ஜெர்மன் கழகம் ஒன்று ஒப்பந்தம் தந்தது, வந்து இறங்கினேன். ஆனால் அந்தத் தாளம் காதை விட்டுப் போகவேயில்லை. கள்ளன் என்ற சொல் இன்னொரு தடவை என்மேல் விழக்கூடாது என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு முறையும், எறிபவர் நிற்கும் அந்த மண்மேட்டில் ஏறினேன்.

கழகம் ஜெர்மனியின் மேற்கே ரூர் பக்கத்தில் இருந்தது. நான் கெல்சென்கிர்ச்சனில் எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்றின் வீட்டு மேல்மாடி அறையில் குடியிருந்தேன். வீட்டுக்கார அக்கா முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தவர். அவருடைய கணவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழர் கூடும் எந்த நிகழ்ச்சிக்கும் கதிரை அடுக்குவதிலிருந்து நன்றியுரை வரைக்கும் அவர்தான். இருவருக்கும் பேஸ்போலின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. ஆனாலும் நான் ஆடினால் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் கேட்சரையும் சொல்லிவிடுகிறேன். கேட்சர் என்றால் நாம் எறியும் பந்தை அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிப்பவர். அவர் கிழமை நாட்களில் பல் வைத்தியர். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். வாயைத் திறந்து வைத்திருக்கும் ஆட்களோடேயே காலம் போவதால் பதிலை எதிர்பார்த்துப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. நான் வந்த புதிதில், ஒரு பயிற்சி ஆட்டத்தில், பந்தைக் கால்சட்டையில் தேய்த்துவிட்டேன். கிரிக்கெட்காரனின் கை, சும்மா இருக்காது. பேஸ்போலில் அது கூடாது. பந்தை ஈரமாக்கக்கூடாது, தேய்க்கக்கூடாது, அதில் எதையும் பூசக்கூடாது. மேட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய துணிப்பையில் மரப்பிசின் தூள் கிடக்கும், கை வியர்த்தால் அதில் தட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான் அனுமதி. பல் வைத்தியர் மேட்டுக்கு நடந்து வந்தார்.

"உன் கைக்குப் பழைய விளையாட்டு ஞாபகம் வந்துவிட்டது. களைத்தால் இன்னும் வரும். பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பார்த்துக்கொண்டேன். தேய்ப்பது நின்றது. நெற்றி வியர்வையை விரலால் வழித்தெடுக்கும் பழக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. கிரிக்கெட்டில் அந்த வியர்வையைத்தான் பந்தில் தடவி மெருகேற்றுவோம். இங்கே வழித்ததும் விரலைச் சட்டையில் துடைத்துவிடுவேன். அதனால் அதை யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

அந்தப் பருவம் எங்களுக்கு மோசமாகப் போயிற்று. கடைசியில் ஒரு ஆட்டம் மிஞ்சியது. வென்றால் முதல் பிரிவில் இருப்போம், தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்குவோம். இறங்கிய கழகம் வெளிநாட்டுக்காரனை ஒப்பந்தத்தில் வைத்திருக்க ஏலாது. என் விசா அந்த ஒப்பந்தத்தோடு கட்டப்பட்டிருந்தது. ஆக, அன்றைக்கு நான் எறிந்தது கழகத்துக்காக மட்டுமல்ல.

ஆவணி ஞாயிறு அது. அக்கா விரதம். காலையில் படியால் இறங்கியபோது திருநீற்றுத் தட்டோடு கீழே நின்றார்.

"கொஞ்சம் குனியும் தம்பி. இண்டைக்கு நீறில்லாமல் வாசல் தாண்டக்கூடாது."

"தொப்பி போட்டால் அழிஞ்சுபோயிடும் அக்கா."

"அழியாது. தண்ணியிலை குழைச்சு வடிவாப் பூசிவிடுறன். தொப்பிக்குக் கீழை கிடந்தால் ஆருக்குத் தெரியப்போகுது?"

மூன்று குறி, நெற்றி நிறைய. என்னைவிட அவருக்குத்தான் அந்த ஆட்டம் பெரிதாக இருந்தது. ஒப்பந்தம் போனால் நான் போய்விடுவேன் என்பது அவருக்குத் தெரியும். கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அண்ணை சும்மா இருப்பாரா? ஒரு வான் பிடித்து, அக்காவையும் வர மாட்டேன் என்றவர்களையும் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்கு வந்திருந்தார். ரோல்ஸ், வடை, பிளாஸ்கில் தேநீர். ஜெர்மன்காரர் ஒரு பக்கம் அமைதியாக இருக்க, எங்கள் ஆட்கள் எது நடந்தாலும் கைதட்டினார்கள். எதிரணி நன்றாக அடித்தபோதும் தட்டினார்கள்.

அன்றைக்குக் கொடிய வெயில். இந்த நாட்டில் இப்படியும் வெயில் எறிக்குமா என்று நாங்களே திகைத்துப்போனோம். ஆட்டம் முடியும் தறுவாயில் நாங்கள் ஒரேயொரு ஓட்டத்தால் முன்னிலையில் இருந்தோம். எதிரணியில் இரண்டு பேர் ஓடிவரத் தயாராக நின்றார்கள். என் கை களைத்திருந்தது, விரல் வழுக்கியது, பந்து நான் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. திடீரென்று இரண்டு பந்துகள் அருமையாகப் போயின. விரல் பந்தின் தையலைக் கவ்வியது, பந்து அடிப்பவரின் முன்னால் வந்து குப்புற விழுந்தது. அவர் காற்றை அடித்தார். அப்பாடா, கை திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

எதிரணிப் பயிற்றுநர் எழுந்து வந்து, "அவருடைய தொப்பியைப் பாருங்கள்" என்று நடுவரிடம் சொன்னார்.

நடுவர் மெலிந்த, வயதான மனிதர். நிதானமாக நடந்து வந்து பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் சிவப்புத் தையலில் சாம்பல் நிறம் படிந்திருந்தது. என் நீலத் தொப்பியின் விளிம்பில் வெள்ளையாக விரல் அடையாளங்கள். தொப்பியைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். அக்காவின் மூன்று குறியும் வியர்வையில் கரைந்து ஒரே பூச்சாகக் கிடந்திருக்க வேண்டும்.

"இது என்ன?" என்று பந்தைக் காட்டிக் கேட்டார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நெற்றியை வழித்திருக்கிறேன். களைப்பில் சட்டையில் துடைக்கவில்லை. கை பழைய வீட்டுக்குப் போய்விட்டது. வெட்கக்கேடு என்னவென்றால், அதே பிடிமானத்தைப் பின்னால் கிடந்த பிசின் பையிலிருந்து நேராகவே எடுத்திருக்கலாம். அதைக் குனிந்து எடுக்கவும் மறந்துபோயிருந்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் பயிற்றுநர் ஓடி வந்தார். "இது அவருடைய மதம்! இதில் கை வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. மேலிடத்துக்குப் போவேன்!" என்று கத்தினார். அதுவரைக்கும் என் மதம் என்னவென்று அந்த மனிதர் ஒரு நாளும் கேட்டதில்லை.

மதம் என்ற அந்த ஒரு சொல் அண்ணைக்குக் கேட்டுவிட்டது. அவர் எழுந்தார். வானில் வந்த எல்லோரும் எழுந்தார்கள்.

"விடாதை தம்பி! எங்கடை திருநீறிலை கை வைக்க இவை ஆர்?"

"எல்லாத்தையும் படம் பிடியுங்கோ! ஒண்டையும் விடாதேங்கோ!"

கைத்தொலைபேசிகள் உயர்ந்தன. நடுவர் அவற்றைப் பார்த்தார். அவர் முகத்தில் இரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் என் கையையோ பந்தையோ பார்க்கவில்லை. "உங்கள் மதத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது தெளிவாக இருக்கட்டும். புதுப் பந்து தருகிறேன், ஆடுங்கள்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, சட்டைப்பையில் கையை விட்டார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பந்தை வாங்கியிருந்தால் எல்லாம் முடிந்தது. ஒப்பந்தம் தங்கும், விசா தங்கும், யாரும் என்னைக் கள்ளன் என்று சொல்லவும் துணிய மாட்டார்கள். சின்ன வயதிலிருந்து நடுவர்களுக்குப் பயந்தவன் நான். அன்று முதல் தடவையாக ஒரு நடுவர் எனக்குப் பயந்தார். எனக்கு அது பிடித்திருந்தது. கொஞ்ச நேரந்தான், ஆனாலும் பிடித்திருந்தது.

பல் வைத்தியர் முகமூடியைக் கழற்றியபடி மேட்டுக்கு வந்தார்.

"கடைசி இரண்டு பந்தும் வேறு மாதிரி வந்தன. உனக்குத் தெரிந்ததா?"

"தெரிந்தது."

"சரி. அதைத்தான் கேட்க வந்தேன்."

திரும்பிப் போய்க் குந்திக்கொண்டார். இப்படி முடிவெடு என்று ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. ஏதாவது சொல்லியிருந்தால் பழியையாவது அவர்மேல் போட்டிருப்பேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான். நடுவர் கேட்டது என் நெற்றியைப் பற்றி அல்ல, பந்தைப் பற்றி. என் சமயத்தை அங்கே யாரும் தொடவில்லை. நான்தான் அதைப் பந்தில் தொட்டுவிட்டேன். இப்போது அதையே எடுத்துக் கேடயமாகப் பிடித்தால், விரதம் இருந்து அதைப் பூசிவிட்ட அக்காவுக்கு நான் செய்வது என்ன?

"பந்தில் இருப்பது திருநீறு, ஒரு வகைச் சாம்பல். என் நெற்றியிலிருந்து என் விரலால் வந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் பந்து அதனால் மாறித்தான் வந்தது" என்று நடுவரிடம் சொன்னேன். என் ஜெர்மன் அவ்வளவு நல்லதல்ல. அன்றைக்கு ஒரு பிழை விடாமல் வந்தது.

அவர் கையைச் சட்டைப்பையிலிருந்து மெல்ல வெளியே எடுத்தார். "இதற்கு விதி என்னவென்று தெரிந்துதான் பேசுகிறீர்களா?"

"தெரியும்."

கையை உயர்த்தி வெளியே காட்டினார். எங்கள் பயிற்றுநர் தன் தொப்பியை நிலத்தில் அடித்தார்.

வெளியே நடந்தபோது எதிரணியினர் உட்கார்ந்திருந்த வாங்கிலிருந்து அந்தச் சொல் வந்தது. "பெட்ரூகர்." ஏமாற்றுக்காரன். ஜெர்மனிலும் அது நன்றாகத்தான் ஒலித்தது. மதிலில் ஏறியிருந்த பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அந்தப் பழைய பயம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. நடந்தது என்னவென்று நானே முதலில் சொல்லிவிட்டேன், அதற்குமேல் அந்தச் சொல்லிடம் என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

வேலியருகில் அண்ணை வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"உனக்கென்ன விசரோ? நாங்கள் இவ்வளவு சனம் உனக்காகக் கத்த, நீ போய் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வாறாய்! எங்களை என்ன எண்டு நினைப்பாங்கள்?"

"அண்ணை, அவர் பந்தைப் பற்றித்தானே கேட்டவர்."

"பந்து!" என்றார் அண்ணை. அதற்குமேல் தீபாவளி வரைக்கும் என்னோடு பேசவில்லை.

எனக்குப் பதிலாக எறிய வந்தவர் ஒரு கணக்கு வாத்தியார். பாவம், தன்னால் முடிந்ததைச் செய்தார். தோற்றோம்.

அதே வானில் வீடு திரும்பினோம். அக்கா எனக்குப் பக்கத்தில் இருந்தார். நெடுஞ்சாலை ஏறிய பிறகு மெல்லக் கேட்டார்.

"நான்தான் கூடக் குழைச்சுப்போட்டன், என்ன?"

"இல்லை அக்கா. பூசினது நீங்கள், வழிச்சது நான்."

"உம்மை ஏன் வெளியாலை விட்டவங்கள்? உண்மையைச் சொன்னதுக்கோ?"

"இல்லை. பந்திலை நீறு இருந்ததுக்கு."

"அப்ப உண்மையைச் சொன்னதுக்கு என்ன தந்தவங்கள்?"

"ஒண்டும் இல்லை அக்கா."

அவர் மடியிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தார். அதைத் திறந்து, "வடை கிடக்கு, சாப்பிடும்" என்றார். அவர் அழுததை நான் பார்க்காத மாதிரிச் சாப்பிட்டேன்.

உண்மை சொன்னால் நல்லது நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல நான் இதை எழுதவில்லை. அன்றைக்கு ஒரு நல்லதும் நடக்கவில்லை. கழகம் இறங்கியது, ஒப்பந்தம் போயிற்று. வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு நாளும் நேரமும் குறித்து டெர்மின் தந்திருந்தார்கள், போய் என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்தேன். அணியில் சிலர் என் முகத்தைப் பார்ப்பதை விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களும் ஒரு பருவம் முழுவதும் உழைத்தவர்கள். கடைசியில் பல் வைத்தியர்தான் யார் யாரையோ கூப்பிட்டுப் பேசி, மியூனிக் பக்கத்தில் ஒரு கழகத்தில் என்னைச் சேர்த்துவிட்டார். அவர் அங்கே என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. "தோள் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்" என்றார், அவ்வளவுதான்.

நெருக்கடி வரும்போது சுற்றியிருப்பவர்கள் கேள்வியை மாற்றிவிடுவார்கள். அன்பால் மாற்றுவார்கள், கோபத்தால் மாற்றுவார்கள், நமக்கு நல்லது செய்வதாக நினைத்தும் மாற்றுவார்கள். முதலில் கேட்கப்பட்ட கேள்வி எது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். திருநீறு பூசாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். நான் கடைசி ஆட்டம் வரைக்கும் பூசினேன். அக்கா தெற்குக்கே தபாலில் அனுப்பிவைப்பார், காலையில் பூசுவேன், மைதானத்துக்குப் போய் முகம் கழுவிவிட்டு மேட்டில் ஏறுவேன். உங்களை யாராவது உண்மையிலேயே அவமதித்தால் அதற்காக நில்லுங்கள், நானும் கூட வந்து நிற்பேன். அந்த நாளுக்காகவாவது உங்கள் கோபத்தை வீணாகச் செலவழிக்காமல் வைத்திருங்கள்.

அடுத்த வசந்தத்தில் புதுக் கழகத்தின் முதல் ஆட்டம். நடுவர் யாரென்று பார்த்தால், அதே மெலிந்த மனிதர். அந்தப் பருவத்திலிருந்து எறிபவர்களின் கைகளைச் சோதித்துவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். எதிரணிக்காரனின் கையைப் பார்த்தார், சரி என்றார். பிறகு என்னிடம் வந்தார். இரண்டு கைகளையும் நீட்டினேன். உள்ளுக்குள் ஒரு அற்ப ஆசை. என்னைத் தெரியுமே, பார்க்காமலே விட்டுவிடுவார், ஊரறிய ஒரு மரியாதை செய்வார் என்று.

அவர் விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "தொப்பி" என்றார். கழற்றிக் கொடுத்தேன். விளிம்பைத் தடவிப் பார்த்தார், உட்புறத்தைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். எதிரணிக்காரனிடம் இதில் பாதிகூடப் பார்க்கவில்லை. பிறகு என் கண்ணை நேராகப் பார்த்தார். அந்த முகத்தில் துளிப் பயமும் இல்லை.

"எல்லாம் சரி. எறியுங்கள்" என்றார்.

அதற்குமேல் எனக்கு வேறு மரியாதை வேண்டியிருக்கவில்லை. பந்தை வாங்கி எறிந்தேன். அது கேட்சரின் தலைக்கு மேலால் பறந்து வேலியில் போய் மோதியது. நடுவர் மைதானம் முழுக்கக் கேட்கும்படி, பிழையான பந்து என்று அறிவித்தார்.